கர்ணம் இன்னும் சாகல

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். தாத்தா பெயரில் இருந்த ஒரு ஏக்கர் சொச்சம் நிலத்தின் கதையை விசாரிக்க. அம்மா கையில் மஞ்சள் பை. பைக்குள் எட்டாக மடித்து மடித்துத் தேய்ந்துபோன காகிதம் ஒன்று, தீர்வை ரசீதுகள் நாலு. காகிதத்தின் ஓரத்தில் மங்கலாக ‘டி.சி.’ என்று இருக்கும். எங்கள் சேரியில் படிக்காதவர்களுக்கும் தெரிந்த இரண்டு இங்கிலீஷ் எழுத்து அதுதான்.

எழுத்தர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். சர்வே நம்பரைத் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஊர்த்தெருக்காரர் ஒருவர் பெயர் வந்தது.

“ரயத்துவாரி புஞ்சைன்னுதாம்மா இருக்கு. டி.சி.ன்னு எதுவும் காட்டல. உங்க அப்பா பேரு சிஸ்டத்துலயே இல்லயே.”

“பழைய ரிஜிஸ்டரப் பாருங்க சார்” என்றேன்.

“இப்ப எல்லாம் இதுதான் சார். இதுல என்ன இருக்கோ அதான்.”

வெளியே வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னாள்: “அப்பவும் கர்ணம் இல்லன்னுதான் சொன்னான். அவன் பெட்டிய மூடிக்கினு சொன்னான். இவுரு பெட்டியத் தொறந்து வச்சிக்கினு சொல்றாரு. அவ்ளோதான்.”

அம்மா சொன்ன இந்த வாக்கியத்தைத்தான் நான் நீட்டி எழுதப் போகிறேன். தோழர்கள் பொறுமையாகப் படிக்கவேண்டும்.

1

2003 டிசம்பரில் ஜெனீவாவிலும் 2005 நவம்பரில் துனிசிலும் அய்.நா. கூட்டிய உச்சி மாநாட்டுக்குப் பெயரே ‘தகவல் சமூகம்’. வளரும் நாடுகளின் ஏழைகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டால் அதிகாரமும் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அங்கே பேசப்பட்ட கதை. 2015 ஜூலை 1 அன்று தில்லியில் ‘டிஜிட்டல் இந்தியா’ என்று தொடங்கி வைத்தார்கள். இடைத்தரகன் ஒழிவான், லஞ்சம் ஒழியும், மெஷினுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்றார்கள். நம் பையன்கள் பலரும் இதை நம்புகிறார்கள். நம்பக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம்புங்கள் என்கிறேன். யாரைப் பற்றிய தகவல்? அது யார் கையில்?

தகவல் சமூகம் என்னமோ நேற்றுத்தான் கம்பி வழியாக வந்து இறங்கிய மாதிரி பேசுகிறார்கள். எங்கள் ஊர் ரொம்ப காலமாகத் தகவல் சமூகம்தான். ஊர்க்கூட்டமா, தப்பு அடித்துச் சொல்ல சேரியிலிருந்து ஆள் வரவேண்டும். ஊர்த்தெருவில் சாவு விழுந்ததா, பத்து மைல் நடந்து உறவுமுறை ஊருக்கெல்லாம் இழவு சொல்லிவரச் சேரி ஆள் போகவேண்டும். தண்ணி திறக்கிறார்களா, ஏலமா, வரியா, எல்லாச் செய்தியையும் சுமந்தது எங்கள் தோள். பறை என்ற சொல்லுக்கே சொல் என்று அர்த்தம். அந்தச் சொல்லையே சாதிப் பெயராக்கி, பிறகு வசவாக்கிய நாடு இது. 2022 ஆகஸ்டில்தான் ஆள் வைத்துத் தண்டோரா போடுவதைத் தடுக்கச் சொல்லித் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதினார். அதுவரைக்கும் என்ன செய்தீர்கள் என்று யாரைக் கேட்பது?

எல்லைத் தகராறு வந்தாலும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். தலையில் தண்ணிக் குடத்தை வைத்து, எல்லை எங்கே போகிறது என்று நடந்து காட்டச் சொல்லும் வழக்கம் இருந்ததை வெள்ளைக்காரன் காலத்து இனவரைவியல் நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. எந்தக் கல் எங்கே புதைந்தது, எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்பது வெட்டியானுக்கும் தலையாரிக்கும் தெரியும். சர்வே சங்கிலியைப் பிடித்து இழுத்தவனும் அவன்தான்.

ஆக, செய்தியைச் சுமந்தவன் நாம். எல்லை தெரிந்தவன் நாம். ஆனால் எழுதினவன்? கர்ணம். அவன் பெட்டியில் இருந்த கணக்குத்தான் நிலம். அவன் எழுதாதது நிலமில்லை. அந்தப் பெட்டியைத் தொட நமக்கு உரிமையில்லை, பார்க்க உரிமையில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் திமிர். தலைமுறை தலைமுறையாக அப்பனுக்குப் பிறகு மகன் என்று ஓடியது அந்த உத்தியோகம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1982-இல் ஒழிப்பு நின்றது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தேர்வெழுதி நம் பிள்ளைகளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இது வெற்றிதான், மறுக்கவில்லை.

கர்ணம் போனார். கர்ணம் எழுதிய கணக்கு போயிற்றா?

2

பஞ்சமி நிலம் பற்றி மாணவத் தோழர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892-இல் ஆணை வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. நிபந்தனையும் இருந்தது: முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்க முடியாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இப்படிக் கொடுத்தது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. அந்த நிலம் எங்கே என்று கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டோம். துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

அந்த நிலத்தைப் பறித்தது தடிக்கம்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். பேனாவும் பறித்தது. அரை மூட்டை நெல்லுக்கும், கல்யாணத்துக்கு வாங்கிய நூறு ரூபாய்க்கும், வெற்றுத்தாளில் வாங்கிய கைநாட்டுக்கும் கைமாறியது. கைமாறியதைக் கர்ணம் எழுதினார். 1979-இல் தொடங்கி 80-களில் நடந்த யு.டி.ஆர். என்கிற நில ஆவணத் திருத்தத்தில் யார் அனுபவத்தில் இருந்தது என்று பார்த்துப் பெயர் ஏற்றினார்கள். அனுபவத்தில் இருந்தது யார்? பறித்தவன். பறித்தவன் பெயரில் பட்டா. பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த ‘டி.சி.’ என்ற இரண்டெழுத்து, புதிய பதிவேட்டுக்கு எடுத்து எழுதும்போது பல ஊர்களில் விழுந்துவிட்டது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. விழுந்துபோனதை அது எப்படிக் காட்டும்? கர்ணம் எழுதியதை அது சுத்தமாக, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நகல் எடுத்துக்கொண்டது.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். பழைய காகிதத்தில் அடித்தல் தெரியும். வேறு மசி தெரியும். ஒட்டியது தெரியும். வழக்குப் போட்டால் நீதிபதி கண்ணில் அந்த அடித்தல்தான் முதலில் படும். திரையில் அடித்தல் இல்லை. திருட்டின் தடயம் துடைக்கப்பட்டு, திருட்டின் பலன் மட்டும் எழுத்தில் நிற்கிறது. இதற்குத்தான் ‘தூய தரவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூய்மை என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு உதறும். அந்த வார்த்தை நம்மை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

பக்கத்துக் கர்நாடகத்தில் 2000-இல் ‘பூமி’ என்ற திட்டத்தில் 2 கோடி நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். உலகமெல்லாம் அதைக் காட்டிப் பெருமை பேசினார்கள். 2007-இல் சாலமன் பெஞ்சமினும் அவரோடு சேர்ந்தவர்களும் பெங்களூரைச் சுற்றிப் போய் ஆய்வு செய்தார்கள். லஞ்சம் குறையவில்லை, கூடியிருக்கிறது என்றார்கள். ஊர்மட்டத்தில் பேசித் தீர்க்க இருந்த சந்தும் போய், எல்லாம் மேலே ஒரே இடத்தில் குவிந்ததால் பெரிய நில வியாபாரிகளுக்குத்தான் வசதி என்றார்கள். தகவல் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. ஓட வண்டி உள்ளவன் முதலில் போய்ச் சேர்ந்தான்.

3

கைநாட்டுக்கு வருகிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவனைக் ‘கைநாட்டு’ என்று கேலி பேசிய நாடு இது. கட்டைவிரல் மசியில் பதிந்தால் கேவலம். இப்போது பாருங்கள், கலெக்டரும் கைநாட்டு, கம்பெனி முதலாளியும் கைநாட்டு. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி என்ற பழங்குடி ஊரில் முதல் ஆதார் எண்ணைக் கொடுத்துத் தொடங்கினார்கள். இன்று 130 கோடிக்கும் மேல். எல்லோரும் கைநாட்டு ஆனதால் சமத்துவம் வந்துவிட்டதா?

அம்மாவுக்கு ரேகை விழாது. நாற்று நட்டு, களை பறித்து, சூளையில் கல் அடுக்கி, சுண்ணாம்பில் வெந்த விரல். ரேஷன் கடை மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்து வை, எண்ணெய் தடவி வை, அடுத்த விரலை வை. பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். இப்போது கண்ணைக் காட்டு என்கிறார்கள், புரை விழுந்த கண். அரிசி கிடைக்காமல் போவதில்லை, உண்மையைச் சொல்லவேண்டும். கடைக்காரர் ஏதாவது செய்து கொடுத்துவிடுவார். ஆனால் உரிமையாக வாங்க வேண்டியதை ஏதாவது செய்து கொடுங்க என்று கெஞ்சி வாங்கும் இடத்துக்கு அந்த மெஷின் அவளைத் தள்ளியிருக்கிறது. உழைத்தவன் விரல்தான் தேய்கிறது. ஏர்கண்டிஷன் அறையில் பக்கம் திருப்பியவன் விரல் தேய்வதில்லை. இதை அந்த மெஷினைச் செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த அறையில் நம்ம ஆள் இல்லை.

இங்கே கெஞ்சினால் அரிசி வருகிறது. எல்லா இடத்திலும் வருவதில்லை. 2017 செப்டம்பர் கடைசியில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயது தலித் சிறுமி செத்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டையை நீக்கியிருந்தார்கள். சோறு சோறு என்று கேட்டே செத்தாள் என்றாள் தாய். மலேரியா என்றது அரசு. தாய் சொன்னதைத் தகவல் என்று எடுத்துக்கொள்ள எந்த சிஸ்டத்திலும் கலம் இல்லை.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்றது. வங்கிக் கணக்குக்கும் செல்போன் இணைப்புக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. யோசித்துப் பாருங்கள். பணம் வைத்திருப்பவன் கணக்கைத் திறக்க ரேகை கட்டாயமில்லை. இலவச அரிசி வாங்குகிறவளுக்குக் கட்டாயம்.

ரேகை எடுப்பது இந்த மண்ணில் புதுசும் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மதுரைப் பக்கத்தில் ‘ரேகைச் சட்டம்’ என்றே பெயர். ரேகை தரமாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். சந்தேகத்துக்கு உரியவன் என்று அரசு யாரைக் கருதுகிறதோ அவன் ரேகையைத்தான் எடுக்கும். இன்றைக்கு அரிசிக்கும் கூலிக்கும் கை நீட்டுகிறவர்கள்தான் சந்தேகத்துக்கு உரியவர்கள்.

4

கூலிக்கு வருவோம். நூறு நாள் வேலைத் திட்டம் நம் பெண்களுக்கு என்ன செய்தது என்று வெளியூர் அறிஞர்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆண்டை நிலத்துக்கு வெளியே, தலை நிமிர்ந்து செய்ய ஒரு வேலை. கூலி வங்கியில் விழுந்தது. கையிலிருந்து கையில் தூக்கிப் போடும் அவமானம் இல்லை. கம்ப்யூட்டர் நமக்குச் செய்த நல்லது இது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே திட்டத்தில் 2021-22 நிதியாண்டு முதல் கூலிப் பட்டுவாடாவை எஸ்.சி., எஸ்.டி., இதரர் என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஒரே ஏரி, ஒரே மண்வெட்டி, ஒரே நாள் வேலை. பணம் மட்டும் சாதிவாரியாக வேறு வேறு தேதியில். ஒரு கூட்டத்துக்கு வந்துவிட்டது, இன்னொரு கூட்டத்துக்கு வரவில்லை. “அவங்களுக்கு மட்டும் எப்படி?” என்ற பேச்சு பணித்தளங்களில் கிளம்பியது. எதிர்ப்பு வந்தபிறகு அதே ஆண்டில் பின்வாங்கினார்கள். கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்று சொல்கிற அறிவாளிகள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஊரிலே இரட்டைக் குவளை. சாஃப்ட்வேரிலே மூணு குவளை.

பிறகு போட்டோ. 2022 மே முதல் 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களிலும், 2023 ஜனவரி முதல் எல்லா இடங்களிலும் செல்போன் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் பிடித்து ஏற்றவேண்டும் என்றார்கள். டவர் கிடைக்காவிட்டால் செய்த வேலை செய்யாத வேலை. காலையில் வேலையை முடித்த கிழவி இரண்டாவது போட்டோவுக்காக வெயிலில் உட்கார்ந்திருந்தாள். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்றார்கள். கடைசியில் 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். ஒரு கிழவி மண் சுமந்தாளா என்று பார்க்க இத்தனை கண். கோடிக்கணக்கில் வங்கிக் கடன் வாங்கி ஏப்பம் விட்டவன் ஆபீசில் நாளுக்கு இரண்டு போட்டோ எடுக்க ஏன் ஒரு செயலி இல்லை?

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் நகராட்சிகளில் துப்புரவுத் தொழிலாளிகள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் மாட்டினார்கள். எந்தத் தெருவில் நிற்கிறாள், எத்தனை நிமிஷம் நின்றாள் என்று கட்டுப்பாட்டு அறையில் புள்ளியாகத் தெரியும். தொழிலாளிகள் எதிர்த்துப் போராடினார்கள். சரி, அவ்வளவு துல்லியமான நாடு, சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களை எண்ணியதா? 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டாகிவிட்டது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் கேட்டபோது, கையால் மலம் அள்ளியதால் செத்ததாக எந்தத் தகவலும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார் அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே, பாந்தர் இயக்கத்தின் வழியே வந்தவர். சாக்கடை சுத்தம் செய்யும்போது செத்தவர்கள் வேறு கலமாம்! இரண்டு கலம் போட்டுப் பிணத்தைக் காணாமல் அடிக்கிற வித்தை கர்ணத்துக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த வேறு கலத்தின் பட்டியலில் முன்னால் நிற்கும் மாநிலங்களில் ஒன்று நம் தமிழ்நாடு, சமூகநீதி மண்.

2011-இல் எடுத்த சாதிக் கணக்கை வெளியிடவே இல்லை. 46 லட்சம் சாதிப் பெயர் வந்துவிட்டது, பிழை மலிந்தது என்று 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். அடுத்த கணக்கெடுப்பில் சாதியையும் சேர்ப்பதாக 2025 ஏப்ரல் 30 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது. எண்ணி, அதை வெளியே சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நம் விரல் ரேகை, நம் கருவிழி, நாம் நிற்கிற இடம், நாம் வாங்குகிற அரிசி எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நம் நிலம் யார் கையில், நம் சாவு எத்தனை, அதிகாரத்தில் எந்தச் சாதிக்கு எத்தனை நாற்காலி, இது எதுவும் நமக்குத் தெரியாது. அவர்கள் சொல்கிற தகவல் சமூகம் இதுதான். கர்ணத்தின் பெட்டி.

5

இரண்டு பேரோடு நமக்குச் சண்டை இருக்கிறது.

முதல் ஆள், “கம்ப்யூட்டர் சாதி பார்க்காது” என்கிறவர். அய்.டி. கம்பெனியில் தகுதி மட்டும்தான் என்பார். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டால் முகம் சுளிப்பார். கடல் தாண்டி கலிஃபோர்னியாவிலேயே, சிஸ்கோ கம்பெனியில் தலித் பொறியாளரை இந்திய மேலதிகாரிகள் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்று அந்த மாநில அரசின் துறை 2020 ஜூனில் வழக்குப் போட்டது. கம்பெனி மறுத்தது. 2023-இல் அந்த இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை மட்டும் துறை விலக்கிக்கொண்டது. தீர்ப்பு எப்படியோ போகட்டும், மெஷின் இருக்கும் இடத்தில் சாதி இருக்காது என்ற பெருங்கதையாடல் அங்கேயே விரிசல் விட்டுவிட்டது.

2017-18 தேசிய மாதிரி ஆய்வில் கிராமப்புற வீடுகளில் நூற்றுக்கு நாலரைக்கும் குறைவான வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. இணைய வசதி 15 வீட்டில். அந்த நாட்டில் 2020-இல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு திரையில் படி என்றார்கள். ஜூன் 1, இணைய வகுப்பு தொடங்கிய முதல் நாள், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கூலித் தொழிலாளியின் மகளான தலித் மாணவி உயிரை விட்டாள். வீட்டில் இருந்த டி.வி. ரிப்பேர். ஸ்மார்ட்போன் இல்லை. படிப்பில் கெட்டிக்காரி. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. படித்தால் விடுதலை என்று அவளுக்குச் சொன்னது நாம்தானே.

இரண்டாவது ஆள் நமக்கு நண்பர் மாதிரி வருவார். இதெல்லாம் மேற்கத்திய ஏகாதிபத்தியம், கிராமத்துக்குத் திரும்புவோம், வாய்மொழி அறிவு, மண்வாசனை என்பார். அய்யா, நீங்கள் திரும்புங்கள். உங்களுக்கு ஊருக்குள் வீடு இருக்கிறது. நாங்கள் திரும்பினால் சேரிக்குத்தான் திரும்பவேண்டும், கையில் தப்போடு. இந்தியக் கிராமம் என்பது எப்பேர்ப்பட்ட குழி என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொல்லிவிட்டார். பட்டணமும் ரயிலும் அச்சு மெஷினும் நமக்குத் திறந்துவிட்ட கதவுகளைச் சாத்திக்கொள்ள நாம் தயாரில்லை.

நாம் எந்தக் கருவிக்கும் பயந்தவர்கள் இல்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920-இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார், ஊமைகளின் தலைவன் என்று அர்த்தம். அச்சு மெஷின் யார் கையில் இருந்தால் என்ன சொல்லும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. செல்போனும் அப்படித்தான். அடித்ததைப் படம் பிடித்து, அடிக்கவே இல்லை என்ற வாயை மூட வைத்திருக்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீர்க்கச் செய்தபோது, ஏப்ரல் 2 அன்று வட இந்தியாவே ஸ்தம்பித்தது. அந்த அழைப்பு செல்போனுக்குச் செல்போன் தாவியது. உடனே என்ன செய்தார்கள்? பஞ்சாப், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் பகுதிகளில் இணையத்தை நிறுத்தினார்கள். அதற்கு முந்தின ஆண்டு மே மாதம் சஹாரன்பூரிலும் அதே கதை. நாம் கிணற்றில் வாளி இறக்கும்வரை அது பொதுக்கிணறு. இறக்கிய அன்றைக்கு மூடி போட்டுவிடுவார்கள்.

6

கடைசியாக, அவசரமான விஷயம். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. ராஜஸ்தான் கிராமத்துக் கூலிக்காரர்கள் 90-களில், எங்கள் கூலிக் கணக்கைக் காட்டு என்று நடுத்தெருவில் மக்கள் விசாரணை நடத்திய போராட்டத்தில் முளைத்த சட்டம். பத்து ரூபாய் மனுவில் கர்ணத்தின் பெட்டியைத் திறக்க முடியும் என்று முதல்முறையாக ஆனது. இந்த சர்வே நம்பரின் பழைய பதிவேட்டு நகல் கொடு, யார் பெயருக்கு எப்போது மாறியது சொல் என்று கேட்கலாம்.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ)யை மாற்றுகிறது. முன்பு, பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விவரமாக இருந்தால்தான் மறுக்கலாம். இப்போது ‘தனிநபர் தகவல்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 2025 நவம்பரில் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பொதுநலன் கருதிக் கொடுக்கலாம் என்று 8(2) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். நாளைக்கு ஒரு பஞ்சமி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், அது அவருடைய சொந்த விவரம் என்று பதில் வரலாம். அம்மாவின் கருவிழிக்குக் கிடைக்காத மறைப்பு, அவள் நிலத்தைப் பிடித்தவனுக்குக் கிடைக்கும்!

நாம் கேட்க வேண்டியது இதுதான். அரிசிக்கும் கூலிக்கும் ரேகை கேட்காதே. பழைய எஸ்.எல்.ஆர்., ஆர்.எஸ்.ஆர். பதிவேடுகளைக் குறிப்புக் கலத்தோடு அப்படியே படம் பிடித்து எல்லோரும் பார்க்க வை. ஊர்வாரியாக, சர்வே நம்பர்வாரியாகப் பஞ்சமி நிலப் பட்டியலை வெளியிடு. யு.டி.ஆரில் எந்தப் பெயர் விழுந்து எந்தப் பெயர் ஏறியது என்று காட்டு. குழிக்குள் செத்தவனை ஒரே கலத்தில் எண்ணு. இலவச லேப்டாப்பும் வேண்டும்தான்; ஆனால் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு நிலப் பதிவேட்டை மூடி வைக்கிற பேரத்துக்கு நாம் ஒத்துக்கொள்ள முடியாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அரசு கொடுக்கும்வரை காத்திருக்கவேண்டாம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சேரியில் எழுபது வயது தாண்டியவர்களோடு நிலத்தை நடந்து பாருங்கள். கையில் அந்த செல்போன் இருக்கட்டும். எந்தக் கல், எந்த வரப்பு, யார் வைத்த பனை என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்யுங்கள். சர்வே நம்பரோடு ஒட்டிப் பாருங்கள். பழைய தீர்வை ரசீது, மடித்த காகிதம், தகரப்பெட்டியில் எது இருந்தாலும் படம் எடுங்கள். பத்து ஊர் சேர்ந்தால் ஒரு பதிவேடு. நூறு ஊர் சேர்ந்தால் அவர்கள் பதிவேட்டுக்கு எதிரே வைக்க நம்மிடம் ஒன்று இருக்கும். அந்தக் கிழவிகள் இன்னும் பத்து வருஷம் இருப்பார்களா தெரியாது. அவர்களோடு போய்விட்டால் எந்த சிஸ்டத்திலிருந்தும் அதை மீட்க முடியாது.

அன்று புளியமரத்தடியிலிருந்து நேராக அம்மாவோடு நிலத்துக்குத்தான் போனேன். வேலி போட்டிருந்தார்கள். அம்மா வேலிக்கு வெளியேயே நடந்தாள். ஒரு இடத்தில் நின்று காலால் மண்ணைத் தள்ளினாள். பாதி புதைந்த கல் தெரிந்தது.

“எங்க அப்பா சங்கிலி புடிச்சி வச்ச கல்லு. போட்டோ எடுத்துக்கடா” என்றாள்.

எடுத்திருக்கிறேன்.